கவிழ்த்துப் போட்ட கல்

பக்கத்து மனையில் தளம் போடுகிறார்கள். காலையிலிருந்து கலவை இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கிறது. ஈர சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியாகச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. அந்த வாசனை வந்தால் எனக்கு உன் முகம்தான் வரும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கு நுனியில் சாந்து ஒட்டியது தெரியாமல், "தூக்குடீ, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று என்னை விரட்டிய முகம். அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. எடுத்தால், மைக் அண்ணன்.

நீ வைத்த பேர்தான். நம் சபைச் செயலரை அவருடைய சொந்தப் பெயரால் நாம் இருவரும் எந்தக் காலத்தில் சொன்னோம்? மைக் கைக்கு வந்துவிட்டால் திருப்பித் தரத் தெரியாத மனிதர். போனில் பேசினாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கவேண்டும் என்பதுபோலத்தான் பேசுவார்.

"சிஸ்டர், சந்தோஷமான செய்தி! கமிட்டி ஏகமனசா முடிவு பண்ணியிருக்கு. இந்த வருஷம் மறுபடியும் இலங்கைக்கு டீம் போகுது. அதே எஸ்டேட்ல, நம்ம அக்கா ஞாபகமா ஒரு வீடு கட்டித் தர்றோம். வாசல்ல அக்கா பேர் போட்டு ஒரு கல் வைக்கிறோம். நீங்க தமிழ் டீச்சர், அவங்களுக்கு க்ளோஸ் ஃப்ரெண்டு வேற. அந்தக் கல்லுக்கு நாலு வரி எழுதித் தரணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன தடவை கல்லுல தன் பேர் வரலைன்னு அக்காவுக்கு ஒரு மனக்குறை இருந்துச்சு இல்ல? பாவம். அதைச் சரி பண்ணிடலாம், சிஸ்டர்."

பாவமாம். மனக்குறையாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதுவரை உன்னை நினைத்து அழுதிருக்கிறேன், உன் மகன் துபாயிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து எழுதவேண்டும் என்று தோன்றியதில்லை. இன்றைக்குத் தோன்றியது. இந்தக் கோபத்தை இறக்கிவைக்க உன்னைவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

உன்னை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் கண்ணாடியின் சின்ன ஓட்டை வழியாக உன்னைப் பார்த்தவர்களுக்குக்கூட உன்னைக் கொஞ்சம் தெரியும். வரிசையில் நிற்பவர் மருமகள் பிரசவம், மச்சினன் கல்யாணம் என்று கதையை ஆரம்பித்தால் நீ குறுக்கே வெட்டுவாய். "எங்க போகணும்? அதை மட்டும் சொல்லுங்க." கடுகடுப்பு என்று பெயர் வாங்கினாய். ஆனால் இவருக்குச் செங்கல்பட்டுதான் நல்லது என்று நீயாக முடிவுசெய்து யாருக்கும் டிக்கெட் கிழித்ததில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்தபிறகும் அந்தப் பழக்கம் உன்னைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் அத்தனை வம்பும் வந்தது.

மலையகத்தில் மழையில் மண் சரிந்து லயங்கள் இடிந்துபோன ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, குடும்பம் ஒன்றுக்கு வீடு கட்டித்தர நம் சபைக் குழு போவதாக அறிவிப்பு வந்தபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கியது நீ. ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருந்த என்னையும் இழுத்துக்கொண்டாய். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு முழுக் குடும்பம் என்று நீ எங்கிருந்தோ விசாரித்துவந்து எனக்குச் சொன்னாய். அங்கே குளிரும் என்று தெரிந்ததும் சேலையூர், கீழ்க்கட்டளை என்று வீடு வீடாக ஏறி இறங்கினாய். ஊட்டி டூருக்கு வாங்கி ஒரே தடவை போட்டுவிட்டுப் பீரோவில் போட்டுவைத்த ஸ்வெட்டர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டில் கிடக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பெரிய பைகள் நிறைந்தன.

ஏர்போர்ட்டில் மைக் அண்ணன் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். தூக்கிவிட வந்தவன் முதுகைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "இன்னா சார் உள்ள, இந்தக் கனம் கனக்குது? கல்லா? ஏன், அந்த ஊர்ல கல்லு கெடைக்காதா?" அதே கேள்வியைத்தான் நீயும் கேட்டாய். பல்லாவரத்தில் சொல்லிச் செய்த கறுப்பு கிரானைட், பொன் எழுத்து. "நம்ம கண்ணு முன்னாடி வெட்டினாத்தான் யார் பேரும் விட்டுப்போகாது, சிஸ்டர்" என்றார். எடை கூடிவிட்டது. எதையாவது எடுத்தாகவேண்டும். எதை எடுத்தார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. "ஸ்வெட்டரை அடுத்த ட்ரிப்ல பாத்துக்கலாம். கல் இல்லாம வீட்டுப் பிரதிஷ்டை எப்படி நடக்கும்?" உன் இரண்டு பைகளும் வேன் டிரைவரோடு தாம்பரத்துக்கே திரும்பிப் போயின. விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான்தான் கொழும்பு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

தோட்டத்தில் நாம் வீடு கட்டிய லட்சணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சேலைக்கு மேல் மாட்டிக்கொண்ட மஞ்சள் டி-ஷர்ட்டில், வரிசையாக நின்று, ஒரு செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினோம். செங்கல்லைவிட போட்டோக்கள் வேகமாகப் போயின. அந்த வீட்டுக்காரி பாக்கியத்தை ஒவ்வொரு படத்திலும் நடுவில் நிறுத்தினார்கள். காலையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டு, மத்தியானம் வந்து மண் சுமந்துவிட்டு, நடுவில் கூப்பிடும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று சிரித்தாள் அந்தப் பெண். அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ கேட்டாய்.

"இந்த வீட்ல உங்களுக்கு என்ன வேணும்?"

"நீங்க எல்லாரும் பாத்துச் செய்யறதுதாங்கம்மா."

"நாங்க பாக்கறது இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க."

பாக்கியம் தன் மகள் சுதாவைப் பார்த்தாள். சுதா படித்த பெண், அம்மாவைவிடக் கூச்சம். பிறகு பாக்கியமே மெதுவாகச் சொன்னாள். "துணி தொவைக்க ஒரு கல்லு இருந்தா நல்லாருக்கும்மா. லயத்துல எல்லாருக்கும் ஒரே கல்லுதான், கீழ பீலிக்கரையில. தண்ணிக்கும் சண்டை, கல்லுக்கும் சண்டை." பீலி என்றால் மலைத்தண்ணீர் கொட்டும் குழாய். நீ நேராக மைக் அண்ணனிடம் போய்ச் சொன்னாய். வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "பிளான்ல இல்லையே, சிஸ்டர்" என்றார். அதோடு முடிந்தது.

இன்னொன்றையும் நான் மறக்கமாட்டேன். பாக்கியத்தின் புருஷன் ஒரு நாள் மைக் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, குடியை விடமுடியவில்லை, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறான். எவ்வளவு வெட்கத்தோடு கேட்டிருப்பான். அன்று மாலை லயத்தின் முன்னால் ஒலிபெருக்கி வைத்து ஜெபக்கூட்டம். நம் ஆள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவனைக் குடியின் கட்டிலிருந்து விடுவியும்!" பெயரையும் சொன்னார். மலை முழுக்கக் கேட்டது. மறுநாள் அந்த மனிதன் வேலைக்கு வரவில்லை, நம் கண்ணிலேயே படவில்லை. மைக் அண்ணன் கெட்டவர் இல்லை என்று நீ அன்றைக்கும் சொன்னாய். நம் ஊரில் நாம் எல்லோரும் இப்படித்தானே ஜெபிக்கிறோம், அடுத்தவர் வீட்டு ரகசியத்தை ஆண்டவரிடம் சொல்கிற சாக்கில் சபைக்கே சொல்லிவிடுகிறோம் என்றாய். எனக்கு அவரைப் பிடித்துக் கீழே தள்ளவேண்டும் போலிருந்தது.

பிரதிஷ்டைக்கு முந்தின நாள் மத்தியானம் மரப்பெட்டியைப் பிரித்தார்கள். சுதா குனிந்து, கல்லில் இருந்ததைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். தேவனுடைய நாம மகிமைக்காக, ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அன்பின் தானமாக. அதற்குக் கீழே ஆயர், செயலர், பொருளாளர், கமிட்டி என்று அடி வரைக்கும் பெயர்கள். "மகிமையை இத்தனை பேர் பங்கு போட்டா ஆண்டவருக்கு என்னடீ மிஞ்சும்?" என்று என் காதில் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன். பாக்கியம் சிரிக்கவில்லை. நம்மை வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, வர்ற கெழம சுதாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. பையன் டவுன்ல கடையில நிக்கிறாரு, நல்ல எடம். வாசல்ல நின்னு இத வாசிச்சிட்டுத்தானே உள்ளுக்கு வருவாங்க? ஏழைக் குடும்பம், தானம்னு போட்டிருக்கே. கட்டிக்கிட்டுப் போனாலும் நாளைக்கு ஒரு சண்டையில சொல்லிக் காட்ட மாட்டாங்களா? நாங்க வாங்கித் தின்னவங்க இல்லம்மா. நாலு தலமொறையா ஒழைச்சவங்க."

"நான் போய்ப் பேசறேன்" என்றாய்.

பாக்கியம் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியவர்கிட்ட இந்தக் காரணத்தச் சொல்லிறாதீங்கம்மா. ஜெபத்துல சொல்லிருவாரு."

"சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துகொடுத்தாய். சத்தியம் செய்யும்போது அதற்கு ஒரு முடிவு தேதி வைக்கக்கூடாதா? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பிறகு அவ்வளவும் கொடுத்தாய்.

காரணத்தைச் சொல்லாமலே மைக் அண்ணனிடம் வாதாடினாய். கல்லே வேண்டாம் என்றாய். வைத்தே ஆகவேண்டும் என்றால் பின்சுவரில் வைக்கலாம் என்றாய்.

"காணிக்கை குடுத்தவங்களுக்கு போட்டோ அனுப்பணும், சிஸ்டர்."

"அது அவங்க வீடு, அண்ணா."

"நாம கட்டிக் குடுத்தது, சிஸ்டர்."

நீ திரும்பி வந்துவிட்டாய். ஒரு வாதத்தை நீ அவ்வளவு சீக்கிரம் விட்டால், வேறு ஏதோ செய்யப்போகிறாய் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் வாசல் சுவரில் கல்லைப் பதித்து, திரை போட்டு, ரிப்பன் வெட்டி, பாட்டுப் பாடி, படம் பிடித்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அருவி பார்க்கவும் தேயிலை பாக்கெட் வாங்கவும் கிளம்பினார்கள். "எனக்கு வயிறு சரியில்ல, நான் வரல" என்றாய். என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாய். "எனக்கும்" என்றேன். மைக் அண்ணன் வேனில் ஏறுவதற்கு முன் நம் இருவர் வயிற்றுக்காகவும் ஜெபித்துவிட்டுத்தான் போனார்.

வேன் திருப்பத்தில் மறைந்ததும் கடப்பாரையை எடுத்தாய். காலையில் பதித்த கல், சாந்து இன்னும் ஈரம். நெம்பியதும் கழன்று வந்தது. உனக்கும் எனக்கும் அந்த வயதில் முட்டிவலி, பாக்கியத்துக்கு இடுப்புவலி, சுதா ஒருத்திதான் உடம்பில் தெம்புள்ளவள். நால்வருமாகத் தூக்கி, புது வீட்டுக் குழாயடியில் செங்கல் அடுக்கி, எழுத்துப் பக்கம் அடியில் போகும்படி கவிழ்த்து வைத்தோம். "முன்னாடி பக்கம் வழவழன்னு இருந்தா துணி வழுக்கும்டீ. பின்பக்கத்தைப் பாரு, சொரசொரன்னு. தொவைக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு." சுவரில் விழுந்த பள்ளத்தை நீயே சாந்து அப்பி, தட்டி, தடவி மூடினாய். பாக்கியம் உள்ளே ஓடிப்போய் ஒரு சேலையைக் கொண்டுவந்து நனைத்து, அந்தக் கல்லில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அந்தத் தோட்டத்தில் கழித்த நாட்களிலேயே அவள் யாரும் சொல்லாமல் சிரித்தது அப்போதுதான். வேன் திரும்பி வந்தபோது நாம் ரோட்டு முனையில் நல்ல பிள்ளைகளாக நின்றுகொண்டிருந்தோம். விடிந்ததும் விடுதியிலிருந்தே கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டோம்.

சில மாதங்கள் கழித்து, அந்தப் பக்கத்துப் போதகர் ஒருவர் வீட்டைப் பார்க்கப் போனவர், நம் குழுவின் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். வாசல் சுவர் வெறுமையாக இருந்தது. குழாயடியில் சோப்பு நுரைக்கு நடுவே கல். பாக்கியத்தின் புருஷன் பெருமையாக அதைக் காட்டியிருக்கிறான், நல்ல உறுதியான கல் என்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் போட்டார்கள். நன்றி கெட்ட ஜனம் என்றார் மைக் அண்ணன். இனி அந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கும் நாம் வீடு கட்டித் தரவேண்டியதில்லை என்றார். நீ எழுந்தாய்.

"கவுத்துப் போட்டது அவங்க இல்ல. நான்."

"தூக்கினது நானும்தான்" என்று நானும் எழுந்தேன்.

"ஏன் சிஸ்டர்? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? சுதாவுக்கு அப்போது நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்தது, நீ வாயைத் திறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கல்லில் தன் பேர் இல்லை என்று பொறாமை. கூட்டம் கலைவதற்கு முன்பே அந்தப் பேச்சு வராந்தாவுக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே நம் இருவருக்கும் பாடகர் குழுவிலிருந்து "சிறிது காலம் ஓய்வு". எனக்கு அது விடுதலை. என் சுருதி எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். உனக்கு அப்படியா? கணவர் போனபோதும், மகன் வெளிநாடு போனபோதும், நீ ஒரு ஞாயிறுகூட விடாமல் நின்ற இடம் அது. அந்தச் சிறிது காலம் முடியவே இல்லை.

நீ என்ன செய்தாய்? கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பெண்களின் கீழ்க்குரலான அதே ஆல்ட்டோவைப் பாடினாய். மற்ற குரல்கள் பக்கத்தில் இல்லாமல் அதைத் தனியாகக் கேட்டால் வேறு ஏதோ பாட்டுப்போல இருக்கும். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ பாட்டுக்குப் பாடினாய். தாம்பரம் சப்வேயில் நடந்து வரும்போது நான் உன்னிடம் சண்டை போட்டேன். "வேற சபையே இல்லையா இந்த ஊர்ல? வா, போயிடலாம்."

"எதுக்குடீ போகணும்? இது என்ன அவர் வீடா?"

சுதாவுக்குக் கல்யாணம் ஆனபிறகும் கேட்டேன். இப்போதாவது சொல்லேன், பாக்கியத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லேன் என்றேன். நானே கூப்பிடட்டுமா என்றேன். "கூடாது. நாம கேட்டா அவங்க பாவம்னு சரின்னுடுவாங்க. வாக்கு குடுத்தது நான், தூக்கிச் சுமக்கறதும் நான்தான்." என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாய். எனக்கு உன்மேல் கோபம் தெரியுமா? அவர்கள்மேல் இருப்பதைவிடக் குறைச்சல் இல்லை.

நீ படுக்கையில் விழுந்தபோது அந்தக் கோபம் இன்னும் கூடியது. நோயாளி வீட்டுக்குப் பாடகர் குழு போய் நின்று பாடுவது நம் சபை வழக்கம். சேலையூரில் யாருக்கோ கால் முறிந்தபோதுகூடப் போனோமே. சனிக்கிழமை வந்தால் நீ தலையைச் சீவிக்கொண்டு, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துக் கிடந்தாய். "இன்னிக்கு வருவாங்களாடீ?" நான் போன் போட்டேன், நேரில் போய் நின்று கேட்டேன். கிறிஸ்துமஸ் ஒத்திகை என்றார்கள். அது முடிந்ததும் வேறு ஒத்திகை என்றார்கள். கடைசியில் தாங்கமாட்டாமல் நானே உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். "போதும்டீ. நோய்ல போறதுக்கு முன்னாடி உன் பாட்டுல போயிடுவேன்" என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்தார்கள். ஒரே நிறச் சேலையில், கீபோர்டோடு, முழுக் குழுவும் வந்தது. நாலு குரலிலும் பிசிறில்லாமல் பாடினார்கள். எனக்கு எழுந்துபோய் அந்த கீபோர்டைத் தூக்கி வெளியே எறியவேண்டும் போலிருந்தது. உன் மகன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒரு வருடமாக அடங்கிக் கிடந்ததைத்தான் இன்று காலை அந்த மனிதர் போனில் கிளறிவிட்டார். நீ கட்டிவைத்த வாயை நான் இன்று அவிழ்த்துவிட்டேன். பாக்கியத்தைக் கூப்பிட்டேன். நடந்ததெல்லாம் சொன்னேன். பாட்டுக் குழுவை விட்டு உன்னை நீக்கியது, பொறாமை என்று பேசியது, கடைசி வரைக்கும் நீ வாயைத் திறக்காதது. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

"எனக்காகவா அம்மா இத்தனையும் பட்டாங்க? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே! மருமகன்கிட்ட நான் எப்பவோ எல்லாத்தையும் சொல்லிட்டேனே. இங்க வந்தா அந்தக் கல்லுல குந்திக்கிட்டுத்தான் அவரு பல்லு வெளக்குவாரு. சொல்லுங்கம்மா, எல்லார்கிட்டயும் தாராளமாச் சொல்லுங்க."

கேட்டாயா? ஒரே ஒரு போன். இவ்வளவுதான் இருந்தது அந்தப் பக்கம். உன் பிடிவாதத்தை என்னவென்று சொல்ல!

சாயங்காலம் கமிட்டி கூடியிருந்த அறைக்கு நானாகவே போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஒலிபெருக்கி ஜெபத்திலிருந்து தொடங்கினேன். பெண் பார்க்க வந்தது, தானம் என்ற வார்த்தை, பாக்கியம் உன் கையைப் பிடித்தது, உன் சத்தியம், நம் பொய் வயிற்றுவலி, எல்லாவற்றையும் சொன்னேன். நீ சனிக்கிழமைகளில் தலை சீவிக்கொண்டு காத்திருந்ததையும் விடவில்லை. பொருளாளர் அம்மா மூக்கை உறிஞ்சினார். மைக் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார். சரி, இப்போதாவது விளங்கியதே என்று என் மனம் ஒரு நிமிஷம் இளகிவிட்டது.

"ஸ்தோத்திரம்! எவ்வளவு அருமையான சாட்சி, சிஸ்டர்! இத்தனை நாள் மறைச்சு வச்சுட்டீங்களே. இதை அப்படியே கல்லுல போட்டுடலாம். கல்லைக் கொஞ்சம் பெருசாப் பண்ணிட்டாப் போச்சு. அக்கா போட்டோவையும் கல்லுலயே செதுக்கிடலாம்."

"அண்ணா, அவ கல்லே வேண்டாம்னுதானே சொன்னா?"

"அதுதான் சிஸ்டர் அவங்க தாழ்மை!"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தினேன். நீ ஒருநாளும் என் வாயில் கேட்டிராத வார்த்தையெல்லாம் வந்தது. பொருளாளர் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். துக்கத்தில் பேசுகிறேன் என்று எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. நாலு வரி நான் எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பரவாயில்லை, அவரே எழுதிவிடுவாராம்.

வாசல் வரைக்கும் வந்தவள் திரும்பிப் போய், இலங்கைக்குப் போகும் குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மைக் அண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆண்டவர் உங்கள் மனதை மாற்றிவிட்டார் என்றார். மாற்றட்டும். அடுத்த மாதம் போகிறோம். புது வீடு யாருக்கு என்று இன்னும் தெரியாது. போனதும் அந்த வீட்டுக்காரியைத் தனியாகப் பிடித்து, இந்தக் கல் உங்களுக்கு வேண்டுமா என்று கேட்பேன். வேண்டும் என்று மனதாரச் சொன்னால் இருக்கட்டும், வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாலும் போதும். அந்தப் பக்கம் பிடிக்க பாக்கியம் வருகிறேன் என்றிருக்கிறாள், மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு.

மற்றவர்கள் பெயரைக் கவிழ்த்துப் போட்டபோது சிரித்துக்கொண்டே போட்டோம். இந்தத் தடவை உன் பெயர் இருக்கும், உன் முகமும் இருக்கும். அதை என் கையாலேயே மண்ணைப் பார்க்கத் திருப்பவேண்டும். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் செய்வேன். அடக்கத்தன்று உன் முகத்தை மூடியபோதுகூட அந்த மனிதர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே, கல்லைத் திருப்பும்போது, யாரும் பேசமாட்டார்கள்.